வீட்டுத் தண்ணீர் – 14: பச்சை பிடித்த குளம்

2016 ஆகஸ்ட் 9. ரியோ டி ஜெனீரோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 10 மீட்டர் இணை டைவிங் இறுதிப் போட்டி. சீனாவின் சென் ருவோலினும் லியூ ஹுய்ஷியாவும் தங்கம் வென்றார்கள். ஆனால் மறுநாள் உலகப் பத்திரிகைகள் எல்லாம் பேசியது அவர்கள் குதித்த தண்ணீரைப் பற்றித்தான். முந்தைய நாள் வரை நீலமாக இருந்த மரியா லெங்க் அரங்கின் டைவிங் குளம் பச்சையாகிப்போயிருந்தது. பக்கத்தில் வாட்டர் போலோ நடந்த பெரிய குளம் நீலமாகவே இருந்ததால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தொலைக்காட்சியில் பளிச்சென்று தெரிந்தது. அடுத்த நாள் பெரிய குளமும் பச்சைக்கு மாறத் தொடங்கியது. கண் எரிகிறது என்று வாட்டர் போலோ ஆட்டக்காரர்கள் முறையிட்டார்கள்.

காரணம் நான்கு நாள் கழித்து வெளியே வந்தது. தொடக்க விழா நடந்த ஆகஸ்ட் 5 அன்று, பராமரிப்பை ஒப்பந்தம் எடுத்தவர்கள் குளங்களில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியிருக்கிறார்கள். அதுவும் நீச்சல் குளங்களில் பயன்படும் கிருமிநாசினிதான். ஆனால் குளோரின் இருக்கும் நீரில் அதை ஊற்றினால் இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். மிஞ்சுவது வெறும் தண்ணீரும் உப்பும் ஆக்சிஜனும். கருவிகள் குளோரின் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தன. நீரிலோ கிருமியைக் கொல்லும் சக்தி இல்லை. காற்றில் வந்து விழுந்த பாசிக்கு அந்தச் சில நாள்களே போதுமாக இருந்தன.

பெரிய குளத்தில் அடுத்து நடக்கவிருந்தது இணை நீச்சல் போட்டி. நீருக்கடியில் ஒருவரை ஒருவர் பார்த்து அசைய வேண்டிய விளையாட்டு அது. வேறு வழியின்றி, ஏறக்குறைய 37 லட்சம் லிட்டர் தண்ணீரையும் வெளியேற்றிவிட்டு, பக்கத்துப் பயிற்சிக் குளத்திலிருந்து நீரை மாற்றினார்கள்.

உலகின் மிகப் பெரிய விளையாட்டு விழாவில், பணத்துக்கும் ஆளுக்கும் குறைவில்லாத இடத்தில் நடந்தது இது. நம் ஊரில் ஈ.சி.ஆர். பங்களாக்களிலும், கோவைத் தோட்டத்து வீடுகளிலும், அடுக்குமாடி வளாகங்களிலும் குளம் பச்சையாகும்போது நடப்பதும் பெரும்பாலும் இதே கதைதான். பச்சையைப் பார்த்தவுடன் பதறி, கையில் கிடைத்த மருந்தை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டுகிறோம். தண்ணீர் தெளிவதில்லை, பணம் கரைகிறது. பச்சைக் குளத்தைத் தெளிய வைக்கத் தேவையானவை இரண்டு: முதலில் அளவு, பிறகு வரிசை. இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

பாசிக்கு என்ன வேண்டும்?

சென்ற வாரம் மாடித் தொட்டியில் பாசி பிடிப்பதைப் பற்றிப் பேசினோம். அதற்கு மருந்து எளிது: வெளிச்சம் புகாத மூடி. நீச்சல் குளத்தை அப்படி மூடிவைக்க முடியாது. வெயில், வெதுவெதுப்பான நீர், காற்றில் வரும் தூசி, மழையோடு இறங்கும் நைட்ரேட், உதிர்ந்த இலை, தோட்டத்து உரம் கலந்து வழியும் நீர், குளிப்பவர்களின் வியர்வை, தலையில் தேய்த்த எண்ணெய் என்று பாசிக்கு வேண்டிய அத்தனையும் குளத்தில் உண்டு. பாசியின் வித்துகள் காற்றிலேயே இருக்கின்றன. அவை குளத்தில் விழாமல் தடுக்க யாராலும் முடியாது. விழுந்தது பெருகாமல் தடுக்க மட்டுமே முடியும். தடுப்பது நீரில் கரைந்திருக்கும் குளோரின்.

குளோரினுக்குப் பெரிய எதிரி நம் வெயில். பாதுகாப்பு எதுவும் இல்லாத குளோரின் நேரடி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதியாகக் குறைந்துவிடும். காலையில் போட்டது மாலைக்கு மிஞ்சாது. இதற்காகத்தான் சயனூரிக் அமிலம் என்ற பொருளைக் குளத்தில் சேர்க்கிறார்கள். கடைக்காரர்கள் ‘ஸ்டெபிலைசர்’ என்பார்கள். அது குளோரினைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு வெயிலிலிருந்து காக்கும். இதன் மறுபக்கத்தைப் பின்னால் சொல்கிறேன். பல வீடுகளில் குளம் திரும்பத் திரும்பப் பச்சையாவதற்குக் காரணமே அதுதான்.

மின்சாரம் போய் இரண்டு நாள் மோட்டார் ஓடவில்லை, வீட்டார் ஊருக்குப் போய்விட்டார்கள், பெருமழை ஒன்று கொட்டியது. இவற்றில் ஒன்று நடந்தாலே போதும். முதலில் சுவரைத் தொட்டால் வழுக்கும். பிறகு நீரில் ஒரு மங்கல். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ குளம் முழுக்கப் பச்சை.

தள்ளிப்போடக் கூடாது

‘யாரும் குளிக்கவில்லையே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் மூன்று.

முதலாவது, கொசு. 2007இல் கலிபோர்னியாவின் கெர்ன் கவுண்டியில் வீட்டுக்கடன் தவணை கட்ட முடியாமல் பலர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். ஆளில்லாத வீடுகளின் நீச்சல் குளங்கள் பச்சையாகின. அவற்றில் கியூலெக்ஸ் கொசு பெருகியது. அந்த ஆண்டில் அங்கே வெஸ்ட் நைல் காய்ச்சல் முந்தைய ஆண்டைவிட 276 சதவீதம் கூடியது. வானிலிருந்து எடுத்த படங்களில் பச்சைக் குளங்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் நிலைமை வந்தது. ஒரு வீட்டுக் குளத்தின் பராமரிப்பு தெருவுக்கே உரிய பிரச்சினை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இரண்டாவது, கிருமி. 2024இல் கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா நோயால் சிறார் சிலர் இறந்தார்கள். மூக்கு வழியே ஏறும் இந்த அமீபா, கிருமி நீக்கம் செய்யாத வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. அசுத்தமான நீர்நிலைகளில் குளிக்க வேண்டாம், நீச்சல் குளங்களில் முறையாகக் குளோரின் கலக்க வேண்டும் என்று அந்த மாநில அரசு அப்போது அறிவுறுத்தியது. பச்சைக் குளம் என்றால் அதில் குளோரின் இல்லை என்றே பொருள்.

மூன்றாவது, மிக முக்கியமானது: கலங்கிய நீர் ஆளை மறைக்கும். 2011 ஜூன் மாதம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால் ரிவர் என்ற ஊரின் பொது நீச்சல் குளத்தில் ஒரு பெண் மூழ்கிப்போனார். தண்ணீர் அவ்வளவு கலங்கியிருந்ததால் இரண்டு நாள் வரை, குளத்தில் மற்றவர்கள் நீந்திக்கொண்டிருந்தபோதும், அவர் உடல் அடியில் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. குளத்தின் ஆழமான பகுதியில் அடியிலுள்ள வடிகால் மூடி கரையில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் குழந்தைகளை இறக்கவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

முதலில் ஒரு வாளி தண்ணீர்

கலங்கல் எல்லாம் பாசி அல்ல. வெள்ளை பிளாஸ்டிக் வாளி ஒன்றில் குளத்து நீரை மொண்டு நிழலில் வைத்துப் பாருங்கள். நீர் பச்சையாக இருந்தும் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால், அது பெரும்பாலும் செம்பு. மயில்துத்தம் அதிகம் போட்ட குளங்களில் இது வரும். நீர் மங்கி, திரிதிரியாகவோ தூளாகவோ மிதந்தால் பாசி. அந்த வாளியில் சிறிது குளோரின் கலந்து இரவு முழுக்க வைத்தால் நீர் பழுப்பாக மாறுகிறதா? அப்படியானால் போர்த் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. பால் கலந்ததுபோல் வெறும் வெள்ளை மங்கலாக இருந்தால், சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரில் காரம் ஏறி அது பிரிந்து நிற்கிறது, அல்லது ஃபில்டர் வேலை செய்யவில்லை.

பாசிக்குக் குளோரின். வெள்ளை மங்கலுக்கு அமிலம். இரும்புக்கும் செம்புக்கும் வேறு மருந்து. வாளி வைத்துப் பார்க்காமல் குளோரினைக் கொட்டினால், இரும்பு உள்ள குளம் பச்சையிலிருந்து டீ நிறத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

மூன்று எண்கள்

அடுத்தது டெஸ்ட் கிட். குளம் கட்டப் பல லட்சம் செலவழித்த வீட்டில் நல்ல டெஸ்ட் கிட் இல்லாததைப் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன். தெரிந்துகொள்ள வேண்டிய எண்கள் மூன்று.

ஒன்று, பி.ஹெச். இது 7.2 முதல் 7.8க்குள் இருக்க வேண்டும். குளோரினின் கொல்லும் சக்தி முழுக்க இதைப் பொறுத்தது. நீரில் கரைந்த குளோரின் இரண்டு வடிவங்களில் இருக்கும். அவற்றுள் வீரியமுள்ளது ஹைப்போகுளோரஸ் அமிலம். பி.ஹெச். 7.2 என்றால் குளோரினில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த வடிவில் இருக்கும். 7.5இல் பாதி. 8இல் கால் பங்குதான். நம் போர்த் தண்ணீர் பல ஊர்களில் 8ஐத் தொடும். அதில் எவ்வளவு குளோரின் போட்டாலும் முக்கால் பங்கு சும்மா கிடக்கும். ஆகவே பச்சைக் குளத்தில் முதல் வேலை, தேவையானால் அமிலம் விட்டு பி.ஹெச்.சை 7.2 பக்கம் இறக்குவது. குளோரினை ஏற்றிய பிறகு பி.ஹெச். பார்த்தால் சோதனைச் சாயம் தவறான நிறம் காட்டும் என்பதால் இதை முன்பே முடித்துவிட வேண்டும்.

இரண்டு, குளோரின். சாதாரண நாள்களில் 1 முதல் 3 பி.பி.எம். பி.பி.எம். என்பதைக் கண்டு மிரள வேண்டாம். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராம் என்பதே அதன் பொருள். மஞ்சள் நிறம் காட்டும் பழைய திரவச் சோதனை, வேலை செய்யும் குளோரினையும் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செத்துப்போன குளோரினையும் ஒன்றாகவே கணக்கிடும். இளஞ்சிவப்பு காட்டும் டி.பி.டி. மாத்திரைச் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டும். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்த இளஞ்சிவப்பே வெளுத்துப்போய், குழாய் நிறமற்றுத் தெரியும். ‘குளோரினே இல்லை’ என்று நினைத்து மேலும் கொட்டிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் மாதிரி நீரோடு குளோரின் இல்லாத நல்ல தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து மறுபடி பார்க்க வேண்டும்.

மூன்று, சயனூரிக் அமிலம். இது 30 முதல் 50 பி.பி.எம். இருந்தால் போதும். முன்பு சொல்லாமல் விட்ட மறுபக்கம் இங்கேதான் வருகிறது. டி.சி.சி.ஏ. 90 என்று நம் கடைகளில் விற்கும் தூளிலும் மாத்திரையிலும் குளோரினோடு இந்த அமிலமும் சேர்ந்தே இருக்கிறது. அது தரும் ஒவ்வொரு 10 பி.பி.எம். குளோரினுக்கும் 6 பி.பி.எம். சயனூரிக் அமிலம் நீரில் சேரும். குளோரின் தீர்ந்துபோகும், இந்த அமிலம் தீராது. தினமும் 2 பி.பி.எம். வீதம் போட்டால் ஒரே மாதத்தில் 36 பி.பி.எம். ஏறிவிடும். மூன்று மாதத்தில் நூறைத் தாண்டும். அப்போது குளோரின் முழுக்க அதன் பிடிக்குள் சிக்கிக்கொள்ளும். டெஸ்ட் கிட்டில் குளோரின் நன்றாகத் தெரியும், குளமோ பச்சையாகவே கிடக்கும். இதற்கு மருந்து கிடையாது. குளத்து நீரில் ஒரு பகுதியை இறக்கிவிட்டுப் புது நீர் ஏற்றுவதே வழி. தினசரிக்குத் திரவ ஹைப்போகுளோரைட்டைப் பயன்படுத்தி, மாத்திரையை வெளியூர் போகும் நாள்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே வராது.

கொல்லும் கணக்கு

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் உள்ள குளத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 44.8 கன மீட்டர். ஏறத்தாழ 45,000 லிட்டர். உங்கள் குளத்துக்கும் இந்தக் கணக்கைப் போட்டு மோட்டார் அறைச் சுவரில் எழுதிவையுங்கள். எல்லா மருந்துக்கும் அடிப்படை அந்த எண்தான்.

பச்சையைக் கொல்ல, சயனூரிக் அமிலம் இல்லாத நீரில் குளோரினை 10 பி.பி.எம். வரை ஏற்ற வேண்டும். அந்த அமிலம் இருந்தால், அதன் அளவில் ஏறக்குறைய 40 சதவீதம் என்பது வீட்டுக் குளக்காரர்கள் பின்பற்றும் கணக்கு. 30 இருந்தால் 12 பி.பி.எம்., 50 இருந்தால் 20. நம் 45,000 லிட்டர் குளத்துக்கு 10 பி.பி.எம். என்றால் 450 கிராம் குளோரின் தேவை. 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் என்றால் நாலரை லிட்டர். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் 700 கிராம். 30 சதவீதம் உள்ள சாதாரண பிளீச்சிங் பவுடர் என்றால் ஒன்றரை கிலோ. பிளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பு அதிகம். அதை நேராகக் குளத்தில் தூவினால் இருக்கும் கலங்கலோடு வெள்ளைக் கலங்கலும் சேரும். வாளி நீரில் கரைத்து, அடியில் மண்டி தங்கவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் விட வேண்டும். ஹைப்போகுளோரைட் திரவம் வெயிலில் வைத்தால் வாரா வாரம் வீரியம் குறையும் என்பதால், தயாரித்த தேதி பார்த்து வாங்குங்கள்.

மருந்து விடுமுன் இலை தழைகளை வலையால் அள்ளிவிட்டு, சுவர், படி, மூலை எல்லாவற்றையும் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். சுவரில் ஒட்டிய பாசிக்கு மேலே ஒரு வழுவழுப்பான படலம் இருக்கிறது. அதைக் கிழிக்காமல் விட்ட குளோரின் உள்ளே இறங்காது. கறுப்புப் பாசி சிமென்ட் இடுக்குகளில் வேர்விட்டாற்போல் பிடித்திருக்கும். அதற்குக் கம்பி பிரஷ் வேண்டும். ஏணியின் பின்பக்கம், விளக்கின் பின்புறம், ஸ்கிம்மர் வாய் ஆகியவற்றை மறக்காதீர்கள். பாசி திரும்பி வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

மருந்து விடும் நேரம், பொழுது சாய்ந்த பிறகு. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மறுநாள் விடியலில் அளந்தால் குளோரின் பெருமளவு இறங்கியிருக்கும். பாசியைத் தின்று தீர்ந்திருக்கிறது என்று பொருள். மறுபடி அதே அளவுக்கு ஏற்ற வேண்டும். நிறம் மாறியதும் நிறுத்திவிடுவது, களையை வேர் விட்டுப் பறிப்பதற்குச் சமம். எப்போது நிறுத்தலாம்? இரவு அளந்ததற்கும் விடியலில் அளந்ததற்கும் வித்தியாசம் 1 பி.பி.எம்.மைத் தாண்டக் கூடாது. செத்த குளோரின் 0.5க்கு மேல் இருக்கக் கூடாது. அடித்தரை தெளிவாகத் தெரிய வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் பாசி ஒழிந்தது.

ஃபில்டரின் வேலை

குளோரின் பாசியைக் கொல்லும்; வெளியே எடுத்துப் போடாது. பச்சை மறைந்ததும் குளம் சாம்பல் வெள்ளையாக நிற்கும். அவை செத்த பாசிகள். அவற்றை நீரிலிருந்து பிரிப்பது மணல் ஃபில்டரின் வேலை. குளத்து நீர் முழுவதும் ஃபில்டர் வழியே ஒரு சுற்று வர வீட்டுக் குளங்களில் 6 முதல் 8 மணி நேரம் ஆகும். ஆனால் சுத்தமான நீர் திரும்பக் குளத்திலேயே கலப்பதால், ஒரு சுற்றில் உண்மையில் 63 சதவீத நீர்தான் ஃபில்டருக்குள் போய் வந்திருக்கும். இரண்டு சுற்றில் 86, மூன்றில் 95, நான்கில் 98. அதனால்தான் தெளியும் வரை மோட்டாரை இரவு பகலாக ஓட்ட வேண்டியிருக்கிறது.

கோவைக்கு அருகே ஒரு தோட்டத்து வீட்டில் இந்த வேலை நடந்ததைக் கூட இருந்து பார்த்தேன். பராமரிப்புக்கு வந்த இளைஞர் முதலில் பார்த்தது ஃபில்டரின் அழுத்த மானியை. சுத்தமாக இருக்கும்போது காட்டிய அழுத்தத்தைவிட முள் 10 பி.எஸ்.ஐ. ஏறியிருந்தது. மோட்டாரை நிறுத்தினார். அதன் பிறகே வால்வின் கைப்பிடியை அழுத்தித் திருப்பி ‘பேக்வாஷ்’ குறியில் வைத்தார். மோட்டார் ஓடும்போது கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் பிய்ந்துவிடும். மறுபடி மோட்டாரைப் போட்டதும், வால்வின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவிலிருந்த கண்ணாடிக் குமிழில் கீரை வேகவைத்த நீரைப்போன்ற கரும்பச்சை சுழன்று ஓடியது.

வீட்டுக்காரப் பெரியம்மா கவலையோடு கேட்டார்: “எத்தனை தண்ணி வீணாப் போகுது கண்ணு, நிறுத்திடலாமா?”

“இன்னுங் கொஞ்ச நேரமுங்கம்மா. இந்தக் கண்ணாடியப் பாருங்க. பச்சை போயி உள்ள சுத்தமாத் தெரியோணும். பாதியில நிறுத்தினா அத்தனையும் திரும்பக் குளத்துக்கே போயிருமுங்க.”

இரண்டு மூன்று நிமிடத்தில் குமிழ் தெளிந்தது. மோட்டாரை நிறுத்தி, ‘ரின்ஸ்’ குறியில் அரை நிமிடம் ஓட்டி, பிறகே ‘ஃபில்டர்’ குறிக்கு மாற்றினார். இந்த ‘ரின்ஸ்’ஸைத் தவிர்க்கிறவர்கள் அதிகம். தவிர்த்தால் குழாயில் தங்கிய அழுக்கு முதல் வீச்சிலேயே குளத்துக்குள் பாயும். அழுத்தம் ஏறாதபோது தினமும் பேக்வாஷ் செய்வதும் தவறு. சிறிதளவு அழுக்கு படிந்த மணல்தான் நுண்ணிய துகள்களை நன்றாகப் பிடிக்கும். மணலையே ஐந்து முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

படிகாரத்தின் பங்கு

மணல் ஃபில்டர் 20, 30 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளைத்தான் உறுதியாகப் பிடிக்கும். செத்த பாசியின் துகள் பல அதைவிடச் சிறியவை. தவிர, அவை எல்லாம் எதிர் மின்னேற்றம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நாள்கணக்கில் மிதக்கும். படிகாரத்தின் அலுமினியம் நேர் மின்னேற்றம் உடையது. அது இந்த விலகலை அழித்து, துகள்களைத் திரட்டிக் கனக்கச் செய்து அடியில் இறக்கும். தேற்றாங்கொட்டையை இழைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைத்த நம் முன்னோர் கண்டதும், இன்று நகரக் குடிநீர் நிலையங்களில் நடப்பதும் இதே திரட்டும் வேலைதான்.

ஆயிரம் லிட்டருக்கு 25 முதல் 50 கிராம் வரை படிகாரம் போதும். நம் கணக்குக் குளத்துக்கு ஏறக்குறைய 1.1 கிலோவிலிருந்து இரண்டேகால் கிலோ. வாளியில் கரைத்துப் பரவலாக ஊற்றி, சிறிது நேரம் நீரைக் கலக்கிவிட்டு, மோட்டாரை நிறுத்தி இரவு முழுக்க அசையாமல் விட வேண்டும். காலையில் மேலே தெளிந்த நீரும் அடியில் பஞ்சு மாதிரி ஒரு படிவும் இருக்கும். அந்தப் படிவை வேக்யூம் குழாயால் மெதுவாக உறிஞ்சி, வால்வை ‘வேஸ்ட்’ குறியில் வைத்து நேராக வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் வழியே விட்டால் அந்தப் பிசின் மணலைக் கட்டியாக்கிவிடும். படிகாரம் பி.ஹெச்.சைக் குறைக்கும் என்பதால் மறுநாள் அளந்து, தேவையானால் சோடா உப்புப் போட்டுச் சரிசெய்ய வேண்டும். பாசி சாவதற்கு முன் படிகாரம் போடுவதில் பயனில்லை. உயிருள்ள பாசி அடியில் தங்கினாலும் மறுபடி கிளம்பும். கொல்வது முதலில், படிய வைப்பது பிறகு.

செய்யக் கூடாதவை

மயில்துத்தம் நம் ஊர்க் குளப் பராமரிப்பில் பல காலமாகப் பழகிப்போன பொருள். பாசியை அது கொல்லும் என்பது உண்மை. ஆனால் செம்பு நீரில் தங்கும். சுவரில் கறையாகப் படியும். வெளுத்த முடியைப் பச்சையாக்கும். குளோரின் சரியாக இருந்தால் அதற்கு வேலையே இல்லை.

குளோரினையும் அமிலத்தையும் ஒரே வாளியில் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ரஸ் போர்க்களத்தில் ஆயுதமாக விடப்பட்ட அதே வாயு. பூட்டிய மோட்டார் அறையில் அது கிளம்பினால் உயிர் போகும். இரண்டையும் தனித்தனி அறையில் வைக்க வேண்டும். கால்சியம் ஹைப்போகுளோரைட்டையும் டி.சி.சி.ஏ. தூளையும் ஒன்றாகச் சேர்த்தால் தீப்பிடிக்கும். ஒரே கரண்டியைக்கூட இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள். எப்போதும் நீரில் மருந்தை விட வேண்டும். மருந்தின் மேல் நீரை ஊற்றக் கூடாது. இந்த வேலையைச் செய்ய வரும் தொழிலாளருக்குக் கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை.

இன்னொன்று. பச்சையாகிவிட்டது என்றதும் குளத்தைக் காலி செய்யச் சொல்வார்கள். கேட்காதீர்கள். 45,000 லிட்டர் நல்ல தண்ணீரைக் கொட்டிவிட்டு அதே அளவை லாரியில் வாங்குவது, கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில் நியாயமில்லை. அதைவிட, ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும் கடற்கரைப் பகுதிகளில் காலிக் குளம் ஆபத்து. உள்ளே நீரின் எடை இல்லாததால் அடியிலிருந்து நிலத்து நீர் அழுத்தி, குளத்தின் தொட்டியையே தூக்கிவிடும், தரை வெடிக்கும். சயனூரிக் அமிலம் கட்டுக்கடங்காமல் ஏறிய குளத்தைத் தவிர மற்ற எந்தப் பச்சைக் குளமும் அதே நீரிலேயே தெளியும்.

வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்பவர், ஒரு சிறிய குடிநீர் நிலையத்துக்குப் பொறுப்பாளர். நகரத்துக் குடிநீர் நிலையத்தைப்போலவே கிருமி நீக்குவதும், படிய வைப்பதும், வடிகட்டுவதும், நாள்தோறும் அளந்து எழுதிவைப்பதுமான வேலைகள்தான் அவருக்கும். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். காலையில் குளோரினும் பி.ஹெச்.சும், வாரம் ஒருமுறை ஃபில்டர் அழுத்தம், மாதம் ஒருமுறை சயனூரிக் அமிலம். வாரத்தில் ஒரு நாள் பிரஷ். பெருமழைக்குப் பிறகு அன்றே ஒரு சோதனை. குளத்தில் இறங்கும் ஒவ்வொருவரும் சோப்புப் போட்டு, தலையெண்ணெய் போகக் குளித்துவிட்டு இறங்க வேண்டும். குளோரின் 4 பி.பி.எம்.முக்குக் கீழே இறங்கி, ஆழத்து வடிகால் மூடி தெளிவாகத் தெரிந்த பிறகே பிள்ளைகளை நீரில் விடுங்கள். அதுவரை கதவைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்திருங்கள்.

(தொடரும்)